கூடங்குளத்தில் உலை பழுதானால் வன்னிக்கு என்ன வரும்?

மன்னாரிலிருந்து கூடங்குளம் அணுமின் நிலையம் கடலைத் தாண்டி நேர்கோட்டில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். கிளிநொச்சியிலிருந்து அளந்தால் 320 கிலோமீட்டர் அளவில் வரும். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகும் தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வடக்கே, சென்னைக்குத் தெற்கில் கடலோரமாக இருக்கும் கல்பாக்கம் கிளிநொச்சியிலிருந்து 350 கிலோமீட்டர். கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலைகள் இரண்டு இயங்கிவருகின்றன. அதே வளாகத்தில் மேலும் நான்கு உலைகளுக்கான வேலையும் தொடங்கப்பட்டது. கல்பாக்கத்தில் 220 மெகாவாட் உலைகள் இரண்டு இருக்கின்றன.

ஆகவே "அங்கே ஏதாவது நடந்தால் எங்கள் கதி என்ன?" என்று வன்னியில் ஒருவர் கேட்டால் அது வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள்தாம் உதவாதவை. ஹிரோஷிமா மாதிரி எல்லாம் ஒரே நொடியில் சாம்பலாகிவிடும் என்பார் ஒருவர். இடையில் கடல் இருக்கிறது, நமக்கு ஒன்றும் வராது என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பிழை.

முதல் ஆளின் பயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மின் உலையில் இடப்படும் யுரேனியத்தில் எளிதில் பிளக்கும் வகையான யுரேனியம்-235 பொதுவாக 3 முதல் 5 சதவீதமே இருக்கும். குண்டுக்கு அது 90 சதவீதம் அளவில் வேண்டும். மின் உலை அணுகுண்டாக வெடிக்க வழியே இல்லை. சோவியத் ஒன்றியத்தின் சேர்னோபிலில் வெடித்தது நீராவி. ஜப்பானின் புகுஷிமாவில் வெடித்தது ஐதரசன் வாயு. வெடிப்பைவிட, வெடித்த பிறகு வெளியே வந்தவைதான் பெரும் தொல்லை. இரண்டாவது ஆளின் நிம்மதியைக் கலைக்கக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

அணைத்தாலும் அடங்காத சூடு

அணுமின் நிலையம் என்பது அடிப்படையில் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் ஏற்பாடு. நுரைச்சோலையில் நிலக்கரி செய்யும் வேலையை இங்கே யுரேனியம் செய்கிறது. யுரேனியம் அணு ஒன்றில் நியூத்திரன் பட்டதும் அது இரண்டாகப் பிளந்து வெப்பத்தையும் புதிய நியூத்திரன்கள் இரண்டு மூன்றையும் வெளிவிடுகிறது. அந்த நியூத்திரன்கள் அடுத்த அணுக்களைப் பிளக்கின்றன. இப்படித் தொடரும் பிளவின் வெப்பத்தில் நீராவி உண்டாகிறது. நீராவி சுழலியைச் சுற்றுகிறது. சுழலி மின்பிறப்பாக்கியை ஓட்டுகிறது. உலையை நிறுத்த வேண்டுமானால் நியூத்திரன்களை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கோல்களை உள்ளே இறக்குவார்கள். சில விநாடிகளில் பிளவு நின்றுவிடும்.

நிலக்கரி என்றால் கதை அத்தோடு சரி. யுரேனியத்தில் அப்படி முடிவதில்லை. பிளந்த அணுக்களின் துண்டுகள் தாமே கதிரியக்கம் உள்ளவை. அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு சிதைவிலும் வெப்பம் பிறக்கிறது. இந்தச் சிதைவு வெப்பத்தை நிறுத்த உலகில் எந்த ஆளியும் கிடையாது. அது தானாகத்தான் தணிய வேண்டும்.

எவ்வளவு வெப்பம் என்பதை வன்னிக்குப் பக்கத்திலேயே அளந்து பார்க்கலாம். மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்றாலைகள் 30-ம் முழுவேகத்தில் சுற்றினால் கிடைக்கும் மின்சாரம் 103.5 மெகாவாட். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் அணு உலைக்குள் உண்மையில் 3000 மெகாவாட் அளவுக்கு வெப்பம் பிறக்கிறது. அதை "நிறுத்திவிட்டோம்" என்று சொல்லும் கணத்திலும் 6, 7 சதவீதம் மிச்சமிருக்கும். அதாவது ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பம், தம்பபவனியின் முழு வலுவைப்போல் இருமடங்கு, நிறுத்தப்பட்ட உலைக்குள் எரிந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் அது 45 மெகாவாட் அளவுக்கு இறங்கும். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் இருக்கும். பிறகு மிக மெதுவாகத்தான் குறையும். எடுத்து வைத்த பழைய எரிபொருளைக்கூடச் சில வருடங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்க வைத்திருப்பது இதனால்தான்.

இந்த வெப்பத்தை அகற்றத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓடப் பம்பிகள் வேண்டும், பம்பிகளுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் உற்பத்தி செய்யும் நிலையத்துக்கே வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படும் நேரம் அது. வெளி மின்சாரம் அறுந்தால் டீசல் மின்பிறப்பாக்கிகள், அவையும் நின்றால் பற்றரிகள். எல்லாம் கைவிட்டால் உலைக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து வற்றி எரிபொருள் வெளியே தெரியத் தொடங்கும்.

எரிபொருள் வில்லைகளை மூடியிருக்கும் குழாய்கள் சேர்க்கோனியம் கலந்த உலோகத்தால் ஆனவை. இந்த உலோகம் சேர்க்கன் என்ற கனியத்திலிருந்து எடுக்கப்படுகிறது. கொக்கிளாய்க்கு அப்பால் புல்மோட்டைக் கரையில் அள்ளுகிறார்களே கனிய மணல், அதிலும் சேர்க்கன் இருக்கிறது. நியூத்திரன்களை வீணாக விழுங்காது, தண்ணீரில் அரித்துப் போகாது என்பதால்தான் இந்த உலோகத்தைத் தெரிந்தெடுத்தார்கள். ஆனால் வெப்பம் 1200 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டினால் அது நீராவியோடு வேகமாகத் தாக்கம் புரிந்து ஐதரசனைக் கக்கும். இன்னும் சூடேறினால், 2800 பாகை அளவில், எரிபொருளே உருகும். உருகிய உலை என்று செய்திகளில் வருவது இதைத்தான்.

உருகினாலும் எல்லாம் வெளியே வந்துவிடுவதில்லை. தடித்த உருக்குக் கலனும், அதைச் சுற்றிய கொங்கிரீட் காப்புக் கட்டடமும் இருக்கின்றன. கடைசித் தடுப்பான அந்தக் காப்புக் கட்டடம் தாங்குமா இல்லையா என்பதில்தான் ஒரு விபத்து ஆலைக்குள் அடங்கும் செய்தியா, கண்டத்துக்கே பரவும் செய்தியா என்பது தீர்மானமாகிறது.

தாங்கிய ஒன்று, தாங்காத இரண்டு

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் திறந்தபடி நின்றுவிட்டது. தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தது, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் உள்ளே தண்ணீர் அதிகம் என்று தவறாக எண்ணினார்கள். எரிபொருளின் ஒரு பெரும்பகுதி உருகியது. ஆனால் காப்புக் கட்டடம் தாங்கியது. வெளியே போன கதிரியக்கம் சிறிதளவே. உலை பாழ், ஊர் தப்பியது.

சேர்னோபிலின் நான்காம் உலைக்கு அப்படிப்பட்ட முழுமையான காப்புக் கட்டடமே இருக்கவில்லை. 1986 ஏப்ரல் 26 அதிகாலை அங்கே நடந்துகொண்டிருந்தது ஒரு பாதுகாப்புச் சோதனை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. மின்சாரம் போய் டீசல் இயந்திரம் எடுபடும் வரையான சிறு இடைவெளியில், ஓய்ந்து சுழலும் சுழலியே பம்பிகளை ஓட்டுமா என்று பார்க்க நினைத்தார்கள். சோதனைக்காகப் பாதுகாப்பு அமைப்புகள் சில முடக்கப்பட்டிருந்தன. உலையின் வலு மிகக் கீழே இறங்கியிருந்தது. அந்த வகை உலையின் வடிவமைப்பிலும் ஒரு கோளாறு இருந்தது: தண்ணீர் ஆவியாக ஆக அதன் வலு குறையாமல் கூடும். அவசரமாக இறக்கிய கட்டுப்பாட்டுக் கோல்களின் நுனியும் அந்த நேரத்தில் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. சில விநாடிகளில் வலு பன்மடங்கு எகிறி, ஆயிரம் தொன் அளவிலான மேல்மூடி தூக்கி எறியப்பட்டது. உலைக்குள் இருந்த காரீயம் (பென்சிலில் உள்ள கிரபைட்) சுமார் பத்து நாட்கள் எரிந்தது.

அயலில் இருந்த பிரிப்பியாத் நகரில் ஏறத்தாழ 49,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களை பஸ்களில் ஏற்றியது மறுநாள் பிற்பகலில். அதுவரை பிள்ளைகள் வெளியில் விளையாடினார்கள். உலகுக்கு விபத்துத் தெரியவந்தது மொஸ்கோவிலிருந்தல்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சுவீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு அளக்கும் கருவி ஏப்ரல் 28 காலை எச்சரித்தபோது. தங்கள் உலையில்தான் கசிவு என்று அவர்கள் முதலில் தேடினார்கள்.

புகுஷிமாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் அதைச் செய்தது கடல். 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவிலான நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் அறுந்தது. ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் சரியாக நின்றன. டீசல் மின்பிறப்பாக்கிகளும் எடுபட்டன. ஏறத்தாழ 50 நிமிடம் கழித்து வந்த சுனாமி 14, 15 மீற்றர் உயரம். நிலையம் எதிர்பார்த்திருந்த அலை 6 மீற்றருக்கும் குறைவு. தாழ்வான இடத்தில் வைத்திருந்த மின்பிறப்பாக்கிகளும் மின்பலகைகளும் மூழ்கின. சிதைவு வெப்பத்தை அகற்ற வழி இல்லாமல் மூன்று உலைகளும் உருகின. ஐதரசன் சேர்ந்து கட்டடங்கள் வெடித்தன.

2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவைத் துடைத்தெடுத்த அதே அலை கல்பாக்கத்திலும் ஏறியது. அங்கே கடல்நீர் பம்பி அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். ஊழியர்கள் குடியிருந்த நகரியத்தில் பலர் உயிரிழந்தார்கள், ஆனால் உலைக்கு ஆபத்து வரவில்லை. அலை எவ்வளவு உயரம், மின்சாரமும் பம்பியும் எந்த உயரத்தில் இருந்தன என்பதில்தான் வேறுபாடு.

போர் நடக்கும் இடத்தில் அணுமின் நிலையம் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி வன்னியில் இயல்பாகவே எழும். உக்ரைனின் ஸபோரிஷியா நிலையம் 2022 மார்ச்சில் ரஷ்யப் படையின் பிடிக்குள் போனது. ஆறு உலைகளும் நிறுத்தப்பட்டன. இருந்தும் மின்கம்பிகள் அறுபடும்போதெல்லாம் உலகம் பதறியது, காரணம் மேலே சொன்ன சிதைவு வெப்பம். 2023 ஜூனில் கக்கோவ்கா அணை உடைந்தபோது நிலையத்துக்குத் தண்ணீர் தந்த நீர்த்தேக்கமும் போனது.

வெளியே வருபவை எவை?

உருகிய எரிபொருளிலிருந்து பல பொருட்கள் கசிந்தாலும் பொதுமக்கள் பெயர் தெரிந்துகொள்ள வேண்டியவை முக்கியமாக இரண்டு: அயடீன்-131, சீசியம்-137.

அயடீன்-131 வேகமானது. எட்டு நாட்களில் பாதியாகும், எண்பது நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஆனால் அந்தச் சில வாரங்களில் அது செல்லும் வழி ஆபத்தானது. காற்றில் வந்து புல்லில் படிகிறது. புல்லை மாடு தின்கிறது. பாலில் வந்து சேர்கிறது. பாலைக் குடிக்கும் பிள்ளையின் கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பி, வழக்கமான அயடீன் என்று நினைத்து அதை இழுத்துச் சேமிக்கிறது. சேர்னோபிலைச் சுற்றியிருந்த உக்ரைன், பெலருஸ், ரஷ்யப் பகுதிகளில் அக்காலத்துப் பிள்ளைகளிடையே 2005 வரை 6,000-க்கும் மேற்பட்ட தைரொயிட் புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் பெரும்பங்கு அந்தப் பாலால் வந்தது. பெரும்பாலானோர் சிகிச்சையால் பிழைத்தார்கள் என்பது ஆறுதல். சில வாரம் பாலை நிறுத்தியிருந்தால் பலருக்கு நோயே வந்திராது என்பது ஆத்திரம். 1957-இல் இங்கிலாந்தின் வின்ட்ஸ்கேல் உலை தீப்பற்றியபோது அயலில் 500 சதுர கிலோமீட்டர் அளவான பரப்பின் பாலைக் கொட்டிவிட்டார்கள். அந்த அறிவு 29 வருடங்களுக்கு முன்பே இருந்தது.

சீசியம்-137 வேறு சுபாவம். பாதியாக 30 வருடம் எடுக்கும். உடல் அதைப் பொட்டாசியம் என்று எண்ணித் தசைகளில் பரப்பும். மண்ணில் விழுந்தால் களித் துகள்களோடு இறுகப் பிடித்து மேல்மண்ணின் சில சென்ரிமீற்றருக்குள் தங்கிவிடும். எலும்பில் சேரும் ஸ்ட்ரோன்சியம்-90, நீண்டகாலம் நிலைக்கும் புளூட்டோனியம் போன்றவை எளிதில் ஆவியாகாதவை. பெரும்பாலும் நிலையத்துக்குக் கிட்டவே விழுந்துவிடும். 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்கள் அவற்றை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எவ்வளவு கதிர்வீச்சு என்ன செய்யும்? உடலுக்குக் கிடைக்கும் அளவை மில்லிசீவேர்ட் என்ற அலகில் சொல்வார்கள். மண், கல், வானம், உணவு ஆகியவற்றிலிருந்து உலக மனிதர் ஒருவருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 கிடைக்கிறது. ஒரு சி.டி. ஸ்கானில் 10 அளவில் கிடைக்கலாம். 100-ஐத் தாண்டும்போது பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிதளவு கூடுவதை அளந்து காட்ட முடிகிறது. ஒரே நேரத்தில் 1000 கிடைத்தால் வாந்தி, இரத்த அணுக் குறைவு என்று ஆள் படுத்துவிடுவார். 4000, 5000 என்றால் சிகிச்சை இல்லாதவர்களில் பாதிப்பேர் இறப்பார்கள். இந்தக் கடைசி இரண்டு அளவுகளும் உலைக்குள்ளும் அதன் வாசலிலும் நின்றவர்களுக்கு உரியவை.

எத்தனை பேர் இறந்தார்கள்?

இந்தக் கேள்விக்கு இணையத்தில் முப்பது முதல் பத்து இலட்சம் வரை விடை கிடைக்கும். உறுதியாகத் தெரிந்தவை இவை: சேர்னோபிலில் அந்த இரவு இருவர் இறந்தனர். தீயணைப்பாளர்களும் ஊழியர்களுமாக 134 பேருக்குக் கடும் கதிர்வீச்சு நோய் உறுதியானது. அவர்களில் 28 பேர் அவ்வருடமே இறந்தனர். நீண்டகாலத்தில் புற்றுநோயால் எத்தனை பேர் என்பதில்தான் இழுபறி. அதிகக் கதிர்வீச்சுப் பெற்ற மக்களிடையே மொத்தம் 4,000 வரை போகலாம் என்று 2005-இல் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு சொன்னது. ஐரோப்பா முழுவதையும் கணக்கில் எடுத்தவர்கள் பெரிய எண்களைத் தந்தார்கள். எப்படியும் ஐந்தில் ஒருவருக்காவது வாழ்நாளில் புற்றுநோய் வரும் சமூகத்தில், சிறிய கூடுதலைத் தனியே பிரித்து எடுப்பது கடினம். ஆகவே யாராவது ஒற்றை எண்ணை அடித்துச் சொன்னால் நான் நம்புவதில்லை, அது சிறிய எண்ணாக இருந்தாலும் சரி, பெரிய எண்ணாக இருந்தாலும் சரி.

புகுஷிமாவில் கடும் கதிர்வீச்சு நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. ஆனால் 1,50,000-க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டுப் போனார்கள். படுத்த படுக்கையாக இருந்த முதியவர்கள் மருந்தும் சேலைனும் இல்லாமல் பல மணி நேரம் பஸ்களில் ஏற்றிச் செல்லப்பட்டு வழியிலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் இறந்தார்கள். இடப்பெயர்வின் அலைச்சலாலும் மனமுறிவாலும் தொடர்சிகிச்சை அறுந்ததாலும் அந்த மாகாணத்தில் இறந்தவர்கள் என்று அரசு ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டுகிறது. 2008, 2009-இல் ஆஸ்பத்திரியும் நோயாளிகளோடு சேர்ந்து இடம்பெயர்ந்ததைக் கண்ட வன்னி மக்களுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. அணுமின் விபத்தைப் பற்றி எழுதுபவர்கள் கதிர்வீச்சைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு இடப்பெயர்வை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு ஒப்பாத விடயம். சேர்னோபிலிலும் 1986-இல் மட்டும் 1,16,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குடிப்பழக்கம், மனச்சோர்வு, "நாங்கள் எப்படியும் சாகப் போகிறவர்கள்" என்ற எண்ணம் ஆகியவை அவர்களைத் தொடர்ந்து சென்றன.

அடுத்தது நிலம். போருக்குப் பின் வன்னியில் சொந்தக் காணியின் வேலியோரத்தில் மண்டையோட்டுப் பலகையைப் பார்த்தபடி, உள்ளே போக முடியாமல் வருடக்கணக்காக நின்றவர்கள் இருக்கிறார்கள். காணி இருக்கிறது, பலா மரம் காய்க்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருப்பதால் கால் வைக்க முடியாது. சீசியம் விழுந்த காணியும் அப்படித்தான். ஆனால் மிதிவெடியைத் தேடிக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அகற்றிவிட்டுக் காணி முழுவதும் சுத்தம் என்று சான்றிதழ் கொடுக்கலாம். சீசியத்தை அப்படிப் பொறுக்க முடியாது; மேல்மண்ணையே சுரண்டி எடுக்க வேண்டும். புகுஷிமாவில் அப்படிச் சுரண்டிய மண்ணும் குப்பையும் ஒரு கோடி கன மீற்றருக்கும் அதிகம். வளமான வயலின் மேல்மண்ணைக் கறுப்புப் பைகளில் கட்டி அடுக்கிவிட்டு, மிஞ்சிய கட்டாந்தரையில் விவசாயி மறுபடி தொடங்க வேண்டும். சேர்னோபிலிலிருந்து வெகு தொலைவில் உள்ள வேல்ஸ் மலைகளில் மழையோடு விழுந்த சீசியத்தால் செம்மறி வளர்ப்போருக்கு விதித்த கட்டுப்பாடு முற்றாக நீங்கியது 2012-இல்.

மீன் இன்னொரு வகை இழப்பு. 2023 ஓகஸ்டில் புகுஷிமாவின் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியதும் சீனா ஜப்பானின் கடலுணவு முழுவதையும் தடை செய்தது. மீனில் அளந்த அளவு வரம்புக்குள் இருந்தது வேறு கதை; வாங்க ஆளில்லாத மீன், அளவு எதுவானாலும் மீனவனுக்கு மீன் அல்ல. மன்னார் வளைகுடாவின் மேற்கு வாசலில்தான் கூடங்குளம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய கசிவு நடந்தால் பேசாலையிலும் வங்காலையிலும் முதலில் விழுவது மீனின் விலையாகத்தான் இருக்கும்.

வன்னிக்கு வருமா?

கூடங்குளத்து உலைகள் சேர்னோபில் வகை அல்ல. அவை தண்ணீர் ஆவியானால் வலு குறையும் வகை. இரட்டைக் காப்புக் கட்டடமும், மின்சாரம் இல்லாமலே வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடும், உருகிய எரிபொருளை ஏந்தும் தொட்டியும் அவற்றில் இருக்கின்றன. பெரும் விபத்து நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நடந்தால் என்ன என்பதுதான் நம் கேள்வி.

250, 300 கிலோமீட்டர் தொலைவில் யாரும் கதிர்வீச்சு நோயால் உடனே விழமாட்டார்கள். வெளியேற்ற வளையம் சேர்னோபிலில் 30 கிலோமீட்டர், புகுஷிமாவில் 20 கிலோமீட்டராகத்தான் வரையப்பட்டது. ஆனால் வளையத்துக்குக் காற்று கட்டுப்படுவதில்லை. சேர்னோபிலிலிருந்து வடகிழக்கே 200 கிலோமீட்டர் அளவில், பெலருஸ்–ரஷ்ய எல்லையை ஒட்டி, கதிரியக்கம் கடுமையாகப் படிந்த ஒரு பெரும் பரப்பு உண்டு. கதிரியக்க முகில் மேலே போன நேரத்தில் அங்கே மழை பெய்தது, அவ்வளவுதான். மழை இல்லாத பக்கத்து ஊர்கள் பெருமளவு தப்பின.

அப்படியானால் வன்னியில் எந்தக் காற்று எப்போது வீசுகிறது, எப்போது மழை பெய்கிறது என்பதுதான் எல்லாம். மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். கூடங்குளத்திலிருந்து நம் பக்கம் வரக்கூடிய காற்று இதுதான். ஆனால் அதே மாதங்களில் வன்னி வறண்டு கிடக்கும். சோழகத்தின் மழை மலையகத்தின் மேற்குச் சரிவுகளிலேயே கொட்டிவிடும். மழை இல்லாவிட்டாலும் சிறிது தூசாகப் படியும், ஆனாலும் மழையோடு இறங்குவதைப்போல் இராது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து வரும். அது கூடங்குளத்தின் புகையை அரபிக்கடல் பக்கம் தள்ளும், கல்பாக்கத்தின் புகையைத் தமிழகத்தின் உள்நாட்டுக்குள் தள்ளும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையும் ஐப்பசியுமே எனக்கு யோசனையைத் தருகின்றன. காற்றுக்கு நிலையான திசை இல்லை. பின்னேரம் இடியோடு மழை இறங்கும்.

செய்ய வேண்டியவை

முதலில் பால். சோழக காலத்தில் குளங்கள் வற்றி அலைகரையில் பச்சைப் புல் முளைத்திருக்கும். மாடுகள் நாள் முழுக்க அங்கேதான் நிற்கும். அறிவிப்பு வந்தால் அவற்றைப் பட்டிக்குள் கட்டி, வைக்கோற்போருக்குள் மூடியிருந்த உள்வைக்கோலைப் போட வேண்டும். பிள்ளைகளுக்குப் புதுப்பாலை நிறுத்திவிட்டு, முன்பே வாங்கி வைத்த பால்மாவைக் கரைத்துக் கொடுக்கலாம். கீரை, முருங்கை இலை போன்ற திறந்த வெளியில் நிற்கும் இலைவகைகளைச் சில வாரம் தவிர்க்க வேண்டும். மூட்டையில் இருக்கும் அரிசி, பருப்பு, தகரத்தில் அடைத்த மீன் எல்லாம் சாப்பிடலாம். கிணற்றை மூட வேண்டும். கூரையிலிருந்து மழைநீர்த் தாங்கிக்கு வரும் குழாயைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கதிரியக்கம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், சீசியத்தை ஒன்றும் செய்யாது.

அயடீன் பற்றி ஒரு குழப்பம் நிச்சயம் வரும். 2011-இல் சீனாவில் மக்கள் அயடீன் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். ஆனையிறவு உப்பு எவ்வளவு நல்ல உப்பானாலும் இந்த வேலைக்கு உதவாது. ஒரு கிலோ அயடீன் உப்பில் இருப்பது சில பத்து மில்லிகிராம் அயடீனே. பெரியவர்களுக்கான பொட்டாசியம் அயடைட் மாத்திரை ஒன்றில் 100 மில்லிகிராம் அளவில் இருக்கும். அத்தனை உப்பைத் தின்றால் கதிர்வீச்சு வருமுன் உப்பே ஆளை முடித்துவிடும். மாத்திரையும் அயடீன்-131 தைரொயிட்டில் ஏறாமல் தடுக்க மட்டும்தான். சீசியத்துக்கு அது மருந்தல்ல. கதிரியக்கக் காற்று வருவதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால்தான் பலன். முக்கியமாகத் தேவைப்படுபவர்கள் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பயன் குறைவு. 1986-இல் போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சில நாட்களில் அயடீன் கரைசலைக் கொடுத்து முடித்தது. சுகாதார அதிகாரிகள் சொல்லும்போது எடுக்க வேண்டிய மருந்து அது. அண்டை வீட்டார் சொன்னார் என்று விழுங்குவதற்கு அல்ல.

வெளியில் நின்றவர் வீட்டுக்குள் வருமுன் உடையைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டுக் குளித்தால், மேலில் ஒட்டியதில் பெரும்பகுதி போய்விடும். அதன் பிறகு அவரிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது. புகுஷிமாவிலிருந்து வந்த பிள்ளைகளைப் பிற ஊர்ப் பாடசாலைகளில் ஒதுக்கினார்கள். அறியாமை மட்டுமே அதற்குக் காரணம்.

எச்சரிக்கை எப்படி வரும்? சேர்னோபிலுக்குப் பிறகு, விபத்து நடந்தால் அயல்நாடுகளுக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 1986-இலேயே உருவானது. இலங்கையும் இந்தியாவும் 2015 பெப்ரவரியில் அணுசக்தித் துறை ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்றில் கைச்சாத்திட்டன. இலங்கையில் இதற்குப் பொறுப்பு அணுசக்தி ஒழுங்குறுத்துகைப் பேரவையும் இலங்கை அணுசக்திச் சபையும். காற்றில் கதிர்வீச்சு கூடினால் காட்டிக்கொடுக்கும் அளவீட்டு நிலையங்கள் கரையோரங்களில் இருக்கின்றன. மக்களுக்குச் செய்தியைக் கொண்டுவர வேண்டியது அனர்த்த முகாமைத்துவ நிலையம், அவசர இலக்கம் 117.

கடைசியாக, வன்னியில் எல்லோர் மனதிலும் முதலில் எழக்கூடிய எண்ணம்: பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏ-9 வழியே தெற்கே ஓடிவிடலாமா? இந்தத் தூரத்தில் வேண்டாம். கதிரியக்க முகில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியாமல் ஓடினால் அதற்குள்ளேயே போய்ச் சேரலாம்; பெற்றோல் வரிசையில் திறந்த வெளியில் நிற்கும் நேரமும் சேரும். கல்வீட்டின் நடு அறையில், யன்னலைச் சாத்திக்கொண்டு, பற்றரி வானொலியோடு ஓரிரு நாள் இருப்பது நல்லது. தகரக் கொட்டிலிலும் கிடுகு வீட்டிலும் இருப்பவர்கள் பக்கத்துக் கல்வீட்டுக்கோ பாடசாலைக் கட்டடத்துக்கோ போகலாம். மூடிய பாத்திரங்களில் குடிதண்ணீர், பால்மா, ஒரு வாரத்துக்கு அரிசி, முதியவர்களின் மருந்து ஆகியவை வீட்டில் இருந்தால் போதும். வெள்ளத்துக்கும் புயலுக்கும் எடுத்து வைக்கும் அதே பொருட்கள்தாம்.